கணினிக்கு வாய் வரும் முன்

காலை எட்டே முக்காலுக்குக் கணினியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே காற்றாடி ஒருமுறை இரைந்து அடங்கியது. பிறகு வழக்கம்போல ஊமையாகிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேலாளர் வரும்வரை எனக்கு அதுதான் வேலை.

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதால் அதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டில் அடியும் மிரட்டலும் தாங்காமல் எங்கள் உதவி எண்ணை அழைக்கும் பெண்களின் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குகிறேன், ஐந்து வருடமாக. அவை வெளியே போனால் யாரோ ஒருத்தியின் உயிருக்கே ஆபத்து. அதனால் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கடவுச்சொல் கேட்கும். கேட்கும் என்றால், திரையில் எழுத்தாகக் கேட்கும். அதை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டிய திரைவாசிப்பானோ அந்தப் பூட்டுக்குள்ளேதான் கிடக்கிறது. பூட்டு திறந்து லினக்ஸ் இயங்குதளம் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கு வாய் வரும். ஆகவே தினமும் மேலாளர் வந்து அதைத் தட்டிவிட்டுப் போவார். அந்தக் கடவுச்சொல்லை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று அவர் வந்தபோது மணி பத்தரை.

"சாரிம்மா, மீட்டிங் இழுத்துடுச்சு. ஒண்ணு சொல்லட்டுமா? நீ பேசாம வரவேற்புக்கு மாறிடேன். போன் எடுத்தாப் போதும். இப்படித் தினம் ஒருத்தருக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் பாரு."

அவர் நல்லவர். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"ஒரு வாரம் குடுங்க மேடம். இது தானாத் திறக்குற மாதிரி பண்ணிடறேன்."

"முடியலைன்னா?"

"வரவேற்புக்குப் போயிடறேன்." வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் முதலில் முயன்று பார்த்தேன். மதர்போர்டில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. டிஸ்கின் சாவியை அதனிடம் ஒப்படைத்துவிடலாம். கணினியின் உள்ளமைப்பு முன்பு இருந்தபடியே இருந்தால் மட்டும் அது சாவியைக் கொடுக்கும். டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. கணினி பேசாத நேரங்களில் என் கணவர்தான் கண். அவர் பேருந்து ஓட்டுநர். நாலு கிலோமீட்டர் தாண்டி வரும் லாரியைச் சொல்வார், திரையில் இருப்பதைச் சொல்ல மாட்டார்.

"கருப்பாக் கிடக்கு."

"எழுத்து ஏதாவது இருக்கா?"

"இருக்கு. எனக்கு ஒண்ணும் பிடிக்கல."

"பிடிக்குதான்னா கேட்டேன்? படிங்க."

நான்காம் நாள் மாலை மடிக்கணினி தானே திறந்து, உள்நுழைவதற்கான என் சொந்தக் கடவுச்சொல்லை வாய்விட்டுக் கேட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிவிட்டார். மறுநாள் அலுவலகக் கணினியிலும் அதையே செய்தேன். சாவியைச் சிப்பிடம் சேர்க்கும்போது மட்டும் மேலாளர் ஒருமுறை வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். அதற்கடுத்த நாள் காலை எட்டே முக்காலுக்கு அது தானாகவே பேசியது. மேலாளர் வருவதற்குள் இரண்டு பதிவுகளை முடித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் நாள் மேலாளர் நேரில் பார்க்க வந்தார். கணினிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியனும் கூட வந்து நின்றார். பொத்தானை அழுத்தினேன். இருபது நொடியில் பேச வேண்டும். முப்பது ஆயிற்று. நாற்பது. 

"பரவாயில்லம்மா, நகரு. நான் தட்டறேன்" என்றார் மேலாளர்.

நான் நகரவில்லை. "திரையில என்ன இருக்கு மேடம்?"

"பாஸ்வேர்ட் கேக்குது."

அப்படியானால் சிப் சாவியைத் தர மறுத்திருக்கிறது. "நேத்து நான் போனதுக்கப்புறம் யாராவது இதைத் தொட்டாங்களா?"

டெக்னீஷியன் தொண்டையைச் செருமினார். "நான்தான் மேடம். பயாஸ் அப்டேட் போட்டேன், மெஷினை முதல்ல எழுப்புற புரோகிராமுக்கு. எல்லா மெஷினுக்கும் போட்டேன்."

"அப்போ இது கெட்டுப்போகல. யாரோ உள்ள கை வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு நின்னிருக்கு. சரியாத்தான் செஞ்சிருக்கு."

"சரிம்மா, ஒத்துக்கறேன்" என்றார் மேலாளர். "ஆனா இப்பவும் நான்தானே தட்டணும்?"

சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை. அப்டேட் இனியும் வரும், சிப் இனியும் மறுக்கும். ஒரு வாரமாக நான் சிப்பிடம் கேட்டுக்கொண்டிருந்ததை இவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம் மேடம். பாஸ்வேர்டை என்கிட்டச் சொல்லுங்க. நான் தட்டறேன்."

"அது ரெண்டு பேருக்குத்தான்மா தெரியும். ரகசியம்..."

"அந்தப் பொண்ணுங்க எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். யாரு யாரை அடிச்சாங்க, எந்தக் குழந்தை எந்த ஸ்கூலுக்கு மாறியிருக்கு, எல்லாம் இந்தக் காதுலதான் விழுந்திருக்கு. அதைவிட இது பெரிய ரகசியமா?"

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் மேலாளர் டெக்னீஷியனிடம். செருப்புச் சத்தம் வெளியே போனது, கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒரு நாற்காலி என் பக்கமாக இழுபட்டது. விசைப்பலகையில் ஆள்காட்டி விரல்களுக்கான இரண்டு சின்ன மேடுகளையும் தேடி, கைகளை வைத்துக்கொண்டேன். மேலாளர் என் காதருகே குனிந்து முதல் எழுத்தைச் சொன்னார். அழுத்தினேன். கணினியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"ம்ம், அடுத்தது" என்றேன்.