அஞ்சுக்கு அஞ்சு

"அக்கா, பாப்பா யூனிஃபார்ம் ரெடியா?" என்று அந்தக் குரல் போனில் கேட்டால் நான் உடனே ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொள்வேன். காகிதம் வைக்காமல் மேசைமேல் டக் டக் டக்கென்று அமுக்கினால் மறுமுனையில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரியே கேட்கும். யாரும் சொல்லித் தந்த வித்தை இல்லை. ஒரு நாள் கை சும்மா இருக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தேன், அவளே சொன்னாள். "நிஜமாவே தைக்கிற சத்தம் மாதிரி இருக்கு, நிறுத்தாதீங்க அக்கா." இத்தனைக்கும் எனக்கு ஒரு பட்டன்கூட உருப்படியாகத் தைக்கத் தெரியாது.

வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கான உதவி மையம் எங்களுடையது. இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை, நாலு நாற்காலி, நாலு போன், எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஏசி. எட்டு வருஷமாக மூன்றாவது நாற்காலி என்னுடையது. போனில் பேச வருகிறவர்கள் வெறும் கையோடு வருவதில்லை, வீட்டில் யாராவது கேட்டால் சமாளிக்க ஆளுக்கொரு வேஷத்தை எனக்கும் எடுத்து வருவார்கள். ஒருத்திக்கு நான் பல் டாக்டர் வீட்டு நர்ஸ், இன்னொருத்திக்குப் பழைய ஸ்கூல் டீச்சர், ஒருத்திக்கு வாட்டர் கேன் ஏஜென்சி. நான் பார்க்காத உத்தியோகம் இல்லை. இவள் போனில் நான் 'டெய்லர் அக்கா'. பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் அவளை யூனிஃபார்ம் என்றே சொல்வோம்.

அவள் பேசத் தொடங்கி ஐந்து மாதம் இருக்கும். புருஷன் சரியாக ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் போனை வாங்கிப் பார்த்துவிடுவான். "முகத்துல கை வைக்க மாட்டார் அக்கா, ரொம்ப கவனமான ஆளு" என்று ஒருமுறை சொன்னாள், ஏதோ அவனுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. குடித்துவிட்டுத் தெருவில் நின்று கத்துகிறவனைக்கூட ஒரு கணக்கில் வைத்துவிடலாம். இந்தக் கவனமான ஆட்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

விலாசம் கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள். "சொன்னா யாராவது கேக்கறதுக்கு வந்துடுவீங்க. நீங்க போனதுக்கப்புறம் நான் அங்கதானே இருக்கணும்?" என்பாள். வற்புறுத்தக் கூடாதென்று எங்களுக்கு விதி. நல்ல விதிதான், இன்றைக்கும் சொல்வேன்.

ஐந்து மாதம் அசையாதவள் அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒரே மூச்சில் சொன்னாள். "கிளம்பிடறேன் அக்கா." என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவில் சாவி திரும்பியிருக்கிறது, இன்னும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் போட்டது போட்டபடி எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள். "ஏன்டின்னு கேட்டேன். பக்கத்து வீட்ல கேக்காம இருக்கணும்லம்மான்னு சொல்றா."

நான் ஸ்டேப்ளரை அமுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மறுபடியும் அமுக்கத் தொடங்கினேன். வியாழக்கிழமை காலை பத்து மணி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடை வாசல், அடைக்கல இல்லத்து வேன். அன்றைக்குப் பள்ளியில் அரை நாள் பெற்றோர் கூட்டம், அதைப் புருஷனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஒரே ஒரு பை, அதுவும் பாப்பாவின் ஸ்கூல் பை. இல்லத்தில் இரண்டு படுக்கை சொல்லி வைத்தேன். சனிக்கிழமை மதியம் வரைதான் வைத்திருப்போம், வெளியே வரிசை நிற்கிறது என்றார்கள். வியாழக்கிழமையே வந்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

போனை வைத்ததும் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எல்லாம் மஞ்சள் படிவம். அதன் கடைசியில் 'இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பலாமா' என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்பலாம் என்றால் டிக் போட வேண்டும். தொடாமல் விட்டால் கூடாது என்று பொருள். எட்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தை நான் தொட்டது நாலைந்து தடவை இருக்கும். கம்ப்யூட்டரிலும் அதே கட்டம், அதே கடைசி. வழக்கம்போல அதை நான் தொடவில்லை.

வியாழக்கிழமை எங்கள் கட்டடத்தின் கீழ் ஹாலில் விழிப்புணர்வு இருவாரத்தின் நிறைவு விழா. ஊதா ரிப்பன், ஊதா பலூன், 'மௌனம் கலைப்போம்' என்று எழுதிய பேனர். பதினொரு மணிக்கு எல்லோரும் கீழே வரவேண்டும் என்று டைரக்டர் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேடம் கெட்டவர் இல்லை. நாலு போனை எட்டாக்க வேண்டும் என்று நாயாக அலைகிறவர். அலைந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான், உங்கள் சேவையில் மக்களுக்குத் திருப்தியா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா. அதற்காகத்தான் கம்ப்யூட்டர், அதற்காகத்தான் பேசியவர்களுக்கு மறுநாள் செய்தி அனுப்பி மார்க் கேட்கிற ஏற்பாடு. அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். சமோசா ஆறிப்போச்சே என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வேன் டிரைவர் கூப்பிட்டார், வந்து நிற்கிறேன் என்று. பத்தரைக்குக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை என்று. ஹாலில் உட்கார்ந்தபோது மணி பதினொன்று பத்து. மடியில் போன் அதிர்ந்தது. "இன்னும் நிக்கட்டுமாம்மா? மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரி பாக்கறாரு. பாப்பாக்குன்னு பிஸ்கட் வேற வாங்கி வச்சிருக்கேன்." நில்லுங்கள் என்றேன். கூட்டத்தில் டீச்சர் பிடித்து வைத்திருப்பார், பாப்பாவுக்குப் பாத்ரூம் வந்திருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடையில் மேடம் திரையில் ஒரு வட்டப் படத்தைக் காட்டினார். நூற்றுக்கு எண்பத்தேழு பேர் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். கைதட்டல். அழுது வடிகிற கூட்டத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று நினைத்தாரோ என்னவோ, "ஒருத்தர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? நம்மள டெய்லர் கடைன்னு நெனச்சுட்டார்போல" என்று அடுத்த படத்தைப் போட்டார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பன்னிரண்டுக்கு வந்த பதில். '5. நல்லா தைக்கிறீங்க. நன்றி.'

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை மறைக்கக் கூடாது. முழுசாக ஒரு விநாடி நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அப்புறம் எப்படி மாடி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. திங்கட்கிழமைப் பதிவைத் திறந்தேன். கடைசிக் கட்டத்தில் டிக் இருந்தது. நான் போட்டதில்லை, கம்ப்யூட்டர் முதலிலேயே போட்டு வைத்துக்கொண்டுதான் திறக்கிறது. வேண்டாம் என்றால் நாம்தான் எடுக்க வேண்டுமாம். அனுப்பிய செய்தியும் அங்கேயே கிடந்தது. 'பெண்கள் உதவி மையத்தை அழைத்ததற்கு நன்றி. எங்கள் சேவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக.' நேரம், செவ்வாய் மாலை ஆறு. ஆறு மணிக்குத்தான் எல்லோரும் வீட்டில் சாவகாசமாக இருப்பார்கள் என்று மீட்டிங்கில் முடிவானது. தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. போனது என் மேசை எண்ணிலிருந்து. அவள் போனில் அது 'டெய்லர் அக்கா' என்ற பெயரில் போய் நின்றிருக்கும். அவன் ஷூவைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான்.

எந்தக் காரணத்துக்காகவும் நாமாகத் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது முதல் விதி. அன்றைக்கு மீறினேன். சுவிட்ச் ஆஃப். பள்ளிக்கூடத்தில் கேட்கலாமென்றால் பாப்பாவின் பெயரும் எனக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அட்ரஸ் இல்லாம எந்த வீட்டும்மா கதவைத் தட்டறது? நம்பரை வச்சுத் தேடணும்னா எழுத்துல குடுங்க, மேல அனுப்பறோம். ரெண்டு மூணு நாள் ஆகும்." எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார். மேலேயாவது வைத்திருக்கலாம்.

மேடத்திடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம், "உன் தப்பு இல்ல. டிரெய்னிங்ல சொன்னாங்களே, நான்தான் சரியா கவனிக்கல" என்றார். நானும் கவனிக்கவில்லை மேடம் என்றேன். இரண்டு பேரும் தப்பை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தோம், அதில் அவளுக்கு என்ன ஆகப் போகிறது? சாயங்காலத்துக்குள் கட்டத்தை மாற்றிவிட்டார்கள். இரண்டு நிமிஷ வேலைதானாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேறு யார் யாரோ கூப்பிட்டார்கள். நர்ஸாக இருந்தேன், டீச்சராக இருந்தேன். வீட்டில் என் புருஷன் சோறு போட்டுக்கொண்டே என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன். வெளியே சொல்லக் கூடாதென்பதும் விதி.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இல்லத்திலிருந்து பேசினார்கள். படுக்கையை வேறொருத்திக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், மூன்று பிள்ளைகளோடு வாசலில் நிற்கிறாளாம். கொடுங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். போனை வைத்துக் கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. அந்த எண்.

"டெய்லர் ஆன்ட்டியா?" சின்னக் குரல், படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "என் யூனிஃபார்ம் ரெடியான்னு அப்பா கேக்கச் சொன்னாரு."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்கடா கண்ணு?"

போனைக் கையால் பொத்துகிற சத்தம், ஓர் ஆணின் தணிந்த குரல், பிறகு மறுபடியும் அதே ஒப்பிக்கிற குரல். "அம்மாவுக்கு இனிமே எதுவும் தைக்க வேணாமாம். எனக்கு மட்டும் போதுமாம்."

வைத்துவிடக் கூடாது, வைக்க விடவும் கூடாது. எட்டு வருஷம் கற்றதில் எனக்கு அப்போது மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "தைச்சுக்கிட்டே இருக்கேன் ராஜாத்தி" என்றேன். "அளவு மட்டும் சரியா இல்ல. நீங்க எந்த வீடு சொல்லு, ஆன்ட்டி நேர்ல வந்து அளவெடுத்துக்கறேன்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் போனை வைக்கவில்லை. "ஆன்ட்டி, தைக்கிற சத்தமே கேக்கலையே" என்றாள். இது மட்டும் அவளாகக் கேட்டது.

ஸ்டேப்ளரை எடுத்து அமுக்கினேன். டக் டக் டக். அங்கே யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். நான் இன்னும் வேகமாக அமுக்கினேன். மடங்கிய பின்கள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழுந்து, ரிசீவரின் வயரைச் சுற்றிக் குவிந்துகொண்டிருந்தன.