உதை குறைந்த ஐந்து தோட்டாக்கள்

அந்த வாரத்தில் வெர்லின் ஹோக்ஸ்ட்ரா ஏறி இறங்கிய நான்காவது வேட்டைக் கடை அது. முந்தைய மூன்று கடைகளில் என்ன கேட்டார்களோ, அதையேதான் இந்தக் கடைக்காரரும் கேட்டார்.

"மான் சாகணுமா, வேணாமா?"

"சாகணும். ஆனா அதுக்கு முன்னாடி என் பொண்ணு தோள்பட்டை கழண்டு விழக் கூடாது," என்றான் வெர்லின். "இருபது கேஜ் துப்பாக்கிக்கு, உதை குறைஞ்ச தோட்டா. சின்ன ரவை வேணாம், மானுக்குப் போடுற ஒத்தைக் குண்டு. இருக்கா, இல்லையா?"

கடைக்காரர் பின்னால் திரும்பி ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றங்குல நீளத் தோட்டா, இருப்பதிலேயே முரடு. "இது இருக்கு. பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"துப்பாக்கி?"

"மடக்கி ஒத்தைத் தோட்டா போடுறது. அஞ்சு பவுண்டுகூட வராது. அவ தூக்கிட்டு நடக்கணுமேன்னு பாத்து வாங்கினேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "துப்பாக்கிய லேசாப் பாத்து வாங்கிக் குடுத்துட்டு, உதைக்காத தோட்டாவத் தேடி ஊரு ஊரா அலையுறீங்க. கனமான துப்பாக்கின்னா பாதி உதைய அதுவே வாங்கிக்கும். லேசானதுன்னா மொத்தமும் பிள்ளை தோள்லதான் இறங்கும்."

இதைத்தான் முதல் கடைக்காரன் திங்கட்கிழமையே சொல்லிவிட்டான். பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த துப்பாக்கியை ஊரில் ஒவ்வொருவனும் மட்டம் தட்டினால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்? வெர்லின் வெளியே வந்து, வண்டிக் கதவை வேண்டிய அளவைவிட ஓங்கிச் சாத்தினான்.

இத்தனைக்கும் மூல காரணம் அவன் மச்சான் டுவேன். ஆகஸ்ட் மாதம் தன் பண்ணையில் வைத்து, தன்னுடைய பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியை வெர்லினின் மகள் கெண்ட்ராவின் கையில் கொடுத்து, "இது பெரிய துப்பாக்கி, கழுதையாட்டம் உதைக்கும். ஒரு தடவ வாங்கினா பழகிடும்டி" என்று சுடவைத்தவன் அவன்தான். பிள்ளை இரண்டடி பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். தோள் பத்து நாள் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து கெண்ட்ரா எந்தத் துப்பாக்கியைப் பிடித்தாலும், விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பை ஒரு வெட்டு வெட்டுவாள். குண்டு தரையில் போய்ப் புதையும். லேசான துப்பாக்கியில் முழு வேகத் தோட்டாவைப் போட்டு இரண்டு முறை சுட்டுப்பார்த்தாள். இரண்டாவது முறை அழுதுவிட்டாள்.

ஆனாலும் வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அதுதான் வெர்லினைப் படுத்தியது. சொல்லியிருந்தால் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அவன் பாட்டுக்கு அறுவடையைப் பார்த்திருப்பான்.

அயோவா மாநிலத்தில் பிள்ளைகளுக்கென்று தனி வேட்டைப் பருவம் உண்டு. அதில் முதல் சனிக்கிழமை அவளுடைய பள்ளி வாத்தியக்குழுவின் போட்டியில் போயிற்று. இரண்டாவது மழையில் போயிற்று. பள்ளி நாட்களில் வாத்தியப் பயிற்சி முடிந்து வீடு திரும்பவே பெரும்பாலும் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். காலையில் சர்ச், மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி சர்ச். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. இணையத்தில் தோட்டா கேட்டால் பத்து நாளாகும் என்றது.

கடைசியில் புதன்கிழமை, எந்த வேட்டைக் கடையிலும் கிடைக்காத அந்தச் சாமான், விதையும் உரமும் விற்கிற ஒரு சின்ன ஊர்க் கடையில், எலிப்பொறிகளுக்குப் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. ஒரே பெட்டி. ஐந்தே தோட்டா.

வியாழக்கிழமை வாத்தியப் பயிற்சி இல்லை. சாயங்காலம் சரளைக்கல் குழியில் பலகை நட்டு, காகிதம் ஒட்டி, கெண்ட்ராவை மேசைமுன் உட்காரவைத்தான். அவள் முதல் குண்டைப் போட்டுவிட்டு அப்படியே இருந்தாள்.

"என்னம்மா?"

"அவ்ளோதானா?" என்றாள் கெண்ட்ரா. "அப்பா, அவ்ளோதானா? இதுக்கா நான் அழுதேன்?"

இரண்டாவது குண்டுக்கு வெர்லின் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். கண் திறந்தே இருந்தது. மூன்றாவதுக்கும் அப்படித்தான். மூன்று ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. பிள்ளை மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஓட்டைகள் எல்லாம் நடுப்புள்ளிக்கு இரண்டங்குலம் இடப்பக்கம் இருந்தன. மானின் நெஞ்சுக்கூடு இருக்கிற அகலத்துக்கு இரண்டங்குலம் ஒரு கணக்கா? ஆனால் துப்பாக்கியைச் சரிபார்க்க உட்கார்ந்த ஆம்பளை எவனும் இரண்டங்குலத்தைச் சகித்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. வெர்லின் துப்பாக்கிமேல் குறிபார்க்கப் பொருத்திய ஸ்கோப்பின் திருகைப் பிடித்துக் குடைய ஆரம்பித்தான்.

"போதும்பா. மிச்சம் ரெண்டுதான் இருக்கு."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. நாளைக்கே இன்னொரு பெட்டி வாங்கிடலாம்."

நான்காவது குண்டு வலப்பக்கம் போனது. திருகைக் கொஞ்சம் திருப்பினான். ஐந்தாவது சரியாக நடுப்புள்ளியில் விழுந்தது. பிரமாதம். பெட்டி காலி.

"இந்தத் தோட்டா மெதுவாப் போறதால சீக்கிரம் கீழ இறங்கிடும்," என்று வீடு திரும்பும்போது சொல்லிக்கொடுத்தான். "மான் தூரத்துல நின்னா நெஞ்சுக்கு நடுவுல வைக்காத. முதுகை ஒட்டி வை. குண்டு தானா இறங்கி நெஞ்சுக்கு வந்துடும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் போனும் கையுமாக இருந்தான். பதினொரு கடை. ஒருவன் அடுத்த மாதம் வரும் என்றான், ஒருவன் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இவனிடமே கேட்டான், ஒரு பெண் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனாள். வெர்லினுக்கு வந்த எரிச்சலில் போனை வைக்கோல் கட்டின்மேல் விட்டெறிந்தான். இரண்டங்குலத்துக்காக இரண்டு தோட்டாவை வீணாக்கிய தன் கையை வெட்டிப் போடலாமா என்று இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தோட்டா தீர்ந்துபோச்சு, தப்பு என்மேல' என்றால் முடிந்தது. ஆனால் கெண்ட்ரா பள்ளி முடிந்து வந்ததும், "இன்னொரு பெட்டி கிடைச்சுதா?" என்று கேட்டபோது அவள் முகம் இருந்த இருப்பில் அவன் வாயிலிருந்து, "கிடைச்சுது" என்று வந்துவிட்டது.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் சத்தியம் செய்கிற விஷயம் ஒன்று உண்டு: பலகையைச் சுடும்போதுதான் உதை தெரியும், எதிரே மான் நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. வெர்லினும் அதை நம்பினான், அன்றைக்கு நம்பத்தான் வேண்டியிருந்தது. துப்பாக்கியோடு வாங்கிய முழு வேகத் தோட்டாவில் மூன்று மிச்சம் இருந்தன. இருபது கேஜ் என்றால் எந்தத் தோட்டாவும் மஞ்சள்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காலிப் பெட்டியில் அவற்றைப் போட்டு மூடினான்.

சனிக்கிழமை மதியம் டுவேனின் சோயா வயலோரம், மறைப்புக் கூடாரத்துக்குள் அப்பனும் மகளும் ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவனே துப்பாக்கியை மடக்கித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தான். ஐந்தரை மணிக்குச் சோளத்துக்குள்ளிருந்து ஒரு பெண்மான் வெளியே வந்தது. தொண்ணூறு கஜம் இருக்கும். பக்கவாட்டில் நின்று சோயாவை மேய ஆரம்பித்தது.

கெண்ட்ரா கன்னத்தைக் கட்டையில் பதித்தாள். உதடு மட்டும் அசைந்தது. "முதுகை ஒட்டித்தானே? நீங்க சொன்ன மாதிரி?"

முழு வேகத் தோட்டா இறங்காது, நேராகப் போகும். நடுவில் வை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"ம்," என்று தலையாட்டினான்.

வெடித்தது. மான் ஒரு துள்ளு துள்ளி, வாலைத் தூக்கிக்கொண்டு சோளத்துக்குள் போய்விட்டது.

"பட்டுது," என்றாள் கெண்ட்ரா மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்பா, முடி பறந்ததைப் பார்த்தேன். கண்ணை மூடல நான்!"

வெடிச் சத்தம் கேட்டு டுவேன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று பேரும் இருட்டும்வரை சோள வரிசைகளுக்குள் தேடினார்கள். கெண்ட்ரா முழங்காலிட்டு இலை இலையாகப் பார்த்தாள். சொட்டு ரத்தம் இல்லை. மான் நின்ற இடத்தில் வெர்லின் ஒரு சிட்டிகை முடியை எடுத்தான். கருத்த, நீளமான, முரட்டு முடி. முதுகெலும்பின் உச்சியில் மட்டும் இருக்கிற முடி. குண்டு முதுகைச் சீவிக்கொண்டு மேலே போயிருக்கிறது. அவன் சொன்ன இடத்தில் பிள்ளை சரியாகத்தான் வைத்திருக்கிறாள். அவன் அந்த முடியைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்தான்.

"என்னடி, மறுபடி கண்ணை மூடிட்டியா?" என்றான் டுவேன்.

"இல்ல மாமா."

"சரி சரி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா டார்ச் விளக்கின் பேட்டரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வழக்கம்போல டுவேன் காபிக்கு வந்தான். வெர்லினின் மனைவி மார்லா பாதாம் கேக்கை வெட்டி வைத்தாள். டுவேனின் கிண்டல் சர்ச் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டிருந்தது.

"மாப்ளே, அடுத்த வருஷம் அந்தத் துப்பாக்கியில முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு மாட்டிடுங்க. கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கான்னு பாத்துட்டு சுடட்டும்."

"அண்ணா, வாயை மூடிட்டுக் கேக்கைத் தின்னு," என்றாள் மார்லா.

கெண்ட்ரா தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "துப்பாக்கிய வித்துடுங்கப்பா. அடுத்த வருஷத்துக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேணாம். கண்ணைத் தொறந்திருந்தேன்னு நெனச்சேன். மூடியிருப்பேன் போல. எனக்கே தெரியல."

இதைக் கேட்டதும் வெர்லினால் உட்காரமுடியவில்லை. பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டாள். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை.

"நீ மூடல," என்றான். "நேத்து போட்டது அந்தத் தோட்டா இல்ல. அஞ்சையும் நான் வியாழக்கிழமையே தீர்த்துட்டேன். இன்னொரு பெட்டி கிடைக்கல. பழைய முரட்டுத் தோட்டாவ அந்தப் பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தேன். அது கீழ இறங்காது. அதான் முதுகுமேல போயிடுச்சு. முடியப் பாத்தவுடனே எனக்குத் தெரியும்."

மார்லா கத்தியைக் கீழே வைத்தாள். டுவேன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அதான் தோள் அப்படி வலிச்சுதா?" என்றாள் கெண்ட்ரா மெதுவாக. "பயத்துல எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு சொல்லாம இருந்தேன்."

சட்டைக் கழுத்தை ஒதுக்கினாள். தோளில் கருநீலமாக ஒரு தடம்.

"நான் கேட்டேன்ல? முதுகை ஒட்டித்தானேன்னு. நீங்க தலையாட்டினீங்க."

"ஆமா."

"இருட்டுற வரைக்கும் தேடினேன். நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

"ஆமாம்மா. தப்பு. தப்புத்தான். உன்னை ஏமாத்தணும்னு இல்ல, உன் மூஞ்சி வாடிடக் கூடாதுன்னு…"

"மாமா," என்று கெண்ட்ரா டுவேன் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷம் நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

டுவேன் வாயில் கேக்கோடு விழித்தான். "நானா? அடியே, உன் தோளை முதல்ல ஒடச்சதே நான்தான்."

"தெரியும். கிண்டலும் பண்ணுவீங்க," என்றாள் கெண்ட்ரா. "ஆனா என் கையில என்ன குடுத்தீங்கன்னு சொல்லித்தானே குடுத்தீங்க."

டுவேன் தர்மசங்கடமாக வெர்லினைப் பார்த்தான். வெர்லின் எழுந்து எல்லாருடைய கோப்பைகளிலும் காபியை நிரப்பினான். மகளுடைய கோப்பையில் இருந்தது பால் என்பதை, காபியை ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தான்.