கயானாவுக்குப் போன பஜனை

எங்களுக்கு ‘மிஷனரி தம்பதி’ என்று பெயர் வைத்தவள் பக்கத்து ஃப்ளாட் சுசீலா. ஷார்ஜாவில், முவைலா பகுதியில், அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவள். வருஷ லீவுக்கு மதுரைக்குப் போகாமல், நானும் என் கணவர் தியாகுவும் தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவுக்கு பஜனை சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றதும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“எங்க ஆளுவதான் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போவாவ. இப்ப நீங்களுமாக்கா?”

எல்லாம் மிஸ்டர் வீராசாமியால் வந்தது. கயானாக்காரர். கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பம். துபாய் அல் கூஸில் தியாகு வேலை பார்க்கிற வேர்ஹவுஸில் சில காலம் இருந்தார். தமிழில் ஒரு வார்த்தை வராது, ஆனால் மாரியம்மன் என்று சொன்னாலே கண் கலங்கிவிடும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு பஜனைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்ப்பார். ஊர் திரும்பிக் கோயில் செயலாளர் ஆனதும் போன் செய்தார். திருவிழாவில் தமிழில் பாட ஆளில்லை, நீங்கள் வந்து சொல்லித்தர வேண்டும் என்றார். தியாகு அன்றைக்கே லீவு கேட்டுவிட்டார்.

எங்கள் பஜனை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். சுசீலாவுக்கு நைட் டூட்டி. வெள்ளி மாலை அவள் தூங்குகிற நேரம். அதனால் கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, வந்திருக்கிற நாலைந்து குடும்பத்தோடு வாய்க்குள்ளேயே பாடுவோம். தாளம் இரண்டு விரலால்தான். காரிடாரில் செருப்பு கிடந்தால் வாட்ச்மேன் கத்துவார் என்று செருப்பெல்லாம் வீட்டுக்குள் வரிசையாக இருக்கும். ஒருமுறை கற்பூரப் புகையில் ஸ்மோக் அலாரம் அடித்து, மொத்தக் கட்டடமும் லுங்கியும் நைட்டியுமாகத் தெருவில் நின்றது. அதற்குப் பிறகு, கற்பூரம் காட்டும்போது மட்டும் தியாகு ஸ்டூலில் ஏறி, ஓட்டலிலிருந்து கொண்டுவந்த ஷவர் கேப்பை ஸ்மோக் டிடெக்டருக்கு மாட்டிவிடுவார். செய்யக்கூடாத காரியம்தான். அம்மன் மன்னிப்பாள், தீயணைப்புக்கார சிவில் டிஃபன்ஸுக்குத் தெரிந்தால் மன்னிக்காது.

மதுரையில் நான் வேறு ஆள். மைக் இல்லாமல் பாடினால் தெருக்கோடிவரை கேட்கும். கல்யாணமாகி ஷார்ஜா வந்தபின் அந்தக் குரலைப் பட்டுப்புடவை மாதிரி மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கப் பயம். மடிப்பில் இற்றுப்போயிருந்தால்? கயானாவுக்கு நான் தலையாட்டியதற்குக் காரணம் பக்தி இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு நிறைய இடைவெளி உண்டு என்று வீராசாமி சொல்லியிருந்தார். ஒரே ஒருமுறை வாய் திறந்து பாடிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

விமானம் மாறி மாறிப் போய் இறங்கினோம். பச்சைப் பசேலென்று ஊர், கால் ஊன்றி நிற்கிற மரவீடுகள். வீராசாமி வீட்டு மாடியில் தினமும் வகுப்பு. வந்தவர்கள் தங்கமானவர்கள். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அறைக் கதவைச் சாத்தினார்கள். செருப்பை உள்ளே கொண்டுவந்து அடுக்கினார்கள். இரண்டு விரலால் தாளம் போட்டார்கள். எனக்கு இதெல்லாம் வித்தியாசமாகவே படவில்லை. கற்பூரம் ஏற்றுமுன் தியாகு பழக்கதோஷத்தில் விட்டத்தைப் பார்ப்பார். எல்லோரும் கூடவே அண்ணாந்து பார்த்தார்கள்.

“என்ன பக்தி பாரு ஷியாமி! நம்மாளுங்க மேலயா பாக்கறாங்க? போனைப் பாக்கறாங்க” என்று தியாகு உருகினார்.

நானோ ஒவ்வொரு நாளும் இன்றைக்குப் பாடிவிடலாம் என்று நினைப்பேன். வாயைத் திறந்தால் முவைலாக் குரல்தான் வரும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளித் திருவிழா வந்துவிட்டது.

கோயில் என்பது தகரக்கூரை போட்ட திறந்த கொட்டகை. சுவரே இல்லை. சுற்றுவட்டாரமே வந்திருந்தது. தப்பு மேளக்காரர்கள் அடித்த அடியில் என் நெஞ்சு அதிர்ந்தது. வீராசாமி கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். எங்கள் மாணவர்கள் எழுந்தார்கள்.

முதலில் எல்லோரும் செருப்பைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வரிசையாக வைத்தார்கள். ஒரு பெண்மணி, கதவே இல்லாத வாசலில் ஒரு துண்டைச் சுருட்டிப் பயபக்தியோடு வைத்தார். வீராசாமி ஸ்டூலில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த பல்புக்கு ஒரு ஷவர் கேப்பை மாட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். பிறகு எல்லோரும் பாடினார்கள். அதாவது உதடு அசைந்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று காதைத் தீட்டினார்கள்.

தியாகு வேர்த்துப்போனார். “ஷியாமி, மானம் போகுது. ஏதாச்சும் பண்ணு.”

“நான் என்னங்க பண்றது?”

“பாடேன். மதுரையில பாடுவியே, அப்படி.”

வீராசாமி எங்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். எல்லாம் முவைலாவில் பார்த்தபடியே, ஒரு குறை வைக்கவில்லை என்ற பெருமை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எங்கள் பயத்தையெல்லாம் இந்த மனுஷன் பூஜை என்று நினைத்துக் கடல்தாண்டிச் சுமந்து வந்திருக்கிறார்.

எழுந்தேன். வாயைத் திறந்தேன். முதல் வரி பிசிறடித்தது. போச்சு, இற்றுத்தான் போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வரியை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். அது தகரக்கூரையில் மோதித் திரும்பி என் காதுக்கே வந்தது. என் குரல்தான். கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் என்னுடையதேதான்.

மாணவிகளில் ஒருத்தி என் கையைப் பிடித்து, “ஆன்ட்டி, இவ்வளவு சத்தமாகப் பாடலாமா? அம்மன் கோபிக்க மாட்டாளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அம்மனுக்கு நைட் டூட்டி கிடையாதும்மா” என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, பாட ஆரம்பித்துவிட்டாள். பிறகு எல்லோரும். மேளமும் சேர்ந்துகொண்டது. தியாகு இரண்டு விரலை மறந்து, முழுக்கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

ஷார்ஜா திரும்பிய வாரமே வீராசாமி வீடியோ அனுப்பினார். கொட்டகை அதிரப் பாடுகிறார்கள். பல்பில் மட்டும் ஷவர் கேப் அப்படியே இருக்கிறது. தியாகு போனில் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அது இப்போது எங்கள் வழக்கம், விடமாட்டோம் என்றுவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கதவைச் சாத்தி, துண்டை வைத்து, செருப்பை அடுக்கி, பழையபடி உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, கயானாவில் பாடிய குரல் தானாக வந்துவிட்டது. நிறுத்தவும் மனம் வரவில்லை. பாட்டு முடிவதற்குள் காலிங்பெல் அடித்தது.

“கலாஸ், முடிஞ்சுது. அந்தப் பொண்ண எழுப்பிட்டே” என்றார் தியாகு. மன்னிப்புக் கேட்கத் தயாராகக் கதவைத் திறந்தேன். கலைந்த தலையோடு சுசீலா நின்றாள்.

“மன்னிச்சுக்கோ சுசீலா, தூக்கத்தைக் கெடுத்துட்டேன்.”

“நான் எங்கக்கா தூங்குனேன்? எல்லா வெள்ளிக்கிழமையும் சுவத்துல காத வச்சுட்டுத்தான் கெடப்பேன். ஒரு வரியும் கேக்காது. அந்த எரிச்சல்லயே தூக்கம் வராது. இன்னைக்குத்தான் கேட்டுது.” அவள் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “முதல்லேருந்து பாடுங்கக்கா.”

நான் குனிந்து, கதவடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாட உட்கார்ந்தேன்.