சர்வே எண் 118 முழுவதும்

நான் அரசாங்க வக்கீல். அதிலும் பூங்காக்களுக்கும் பாதுகாக்கப்பட்ட நிலங்களுக்குமான வக்கீல். கொலை வழக்கு நடத்துகிற பெரிய மனுஷர்கள் நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்தால், "என்ன மேடம், இன்னிக்கு எந்த மரத்துக்கு ஜாமீன்?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். என் கட்சிக்காரர்கள் வாத்து, நாணல், குளம், நிழல். பொய் சொல்வதில்லை, வாய்தா நாளன்று காணாமல் போவதில்லை. இதைவிட யோக்கியமான கட்சிக்காரர் அந்தப் பெரிய மனுஷர்களில் யாருக்காவது உண்டா?

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதை எழுதினாலும் அகலமாக எழுதிவிடுவேன். பிறவிக் குணம் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டட ஒப்பந்தக்காரன் குளத்தின் வடகரையில் இடிபாடுகளைக் கொட்டினான். வடகரையில் கொட்டக் கூடாது என்று தடையுத்தரவு வாங்கினேன். மறுநாளே தென்கரையில் கொட்டினான். போய்க் கேட்டால் என் உத்தரவை எனக்கே படித்துக் காட்டினான். அன்றிலிருந்து நான் சூடு கண்ட பூனை. "யாராக இருந்தாலும், எக்காரணத்தாலும், எவ்வழியிலும்" என்று சேர்க்காமல் ஒரு மனுவும் என் மேஜையை விட்டுப் போனதில்லை. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். நான் எழுதும் மளிகைச் சீட்டில்கூடக் கடைசியில் 'முதலியன' இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் எழுதினேன்.

இந்தக் கதை குளத்துப் பூங்காவைப் பற்றியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்கார அம்மாள், குளத்தையும் அதைச் சுற்றியிருந்த தோப்பையும் ஒரே பத்திரத்தில் ஊருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கு அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. "சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை, என்றைக்காவது ஒரு நாள் முழுக்கப் பொதுமக்கள் ஒருவர்கூட உள்ளே இல்லாதபடி பூங்காவை அடைத்து வைத்தால், நிலம் என் வாரிசுகளுக்கே திரும்பிவிடும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் பத்திரத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். என்னைப் போலவே ஆள், நன்றாக எழுதத் தெரிந்தவர்.

வாரிசு என்று இப்போது மிஞ்சியிருப்பவர் அந்த அம்மாளின் தம்பி பேரன். பல் டாக்டர். காலையில் நடக்கப் போகிறவர்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு போவார்கள். இவர் கேமராவோடு போவார். கேட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார், பெருமூச்சு விடுவார், கிளினிக்குக்குப் போவார். ஆறு வருஷமாக இதே வேலை. நிலம் கைக்கு வந்தால் பதினாலு மாடி எழுப்ப வரைபடம்கூட வைத்திருக்கிறாராம்.

அவர் பெருமூச்சுக்குக் காரணம் சாவி. கேட்டைத் திறந்து மூடுகிறவளின் பெயர் சம்பளப் பட்டியலில் வேறு என்னவோ, ஆனால் ஊருக்கு அவள் சாவிதான். பதினாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவளுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு விடிகாலையில். ஆட்டோவில் ஏறப் போன புருஷனைப் பிடித்துத் தள்ளி, "மொதல்ல கேட்டைத் தெறந்துட்டு வாய்யா, குழந்தை எங்கயும் ஓடிடாது" என்றவள். பூங்கா போனால் அவளுக்கு வேலை போகும், கேட்டை ஒட்டி வெளியே இருக்கும் ஒற்றை அறை வீடும் போகும்.

இனி என் திருவிளையாடல். அந்த ஒப்பந்தக்காரன் மறுபடியும் குளக்கரையில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். விடுவேனா? நீதிமன்றத்தில் ஒரு மணி நேரம் முழங்கினேன். "சர்வே எண் 118 முழுவதும், குளக்கரை ஆய்வு முடியும்வரை, யாராக இருந்தாலும், எக்காரணத்தாலும், எவ்வழியிலும் உள்ளே நுழையக் கூடாது" என்று உத்தரவு வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லில் நாலு நாளாக வலி, ஆனாலும் தின்றேன்.

மறுநாள் விடிந்ததும் போன் அடித்தது.

"மேடம், கேட்டுல போலீஸ்காரர் சங்கிலி போட்டுட்டாரு" என்றாள் சாவி. "என்னைத் தெறக்க விட மாட்டேங்கறாரு."

"யாரு சொன்னாங்களாம்?"

"நீங்கதானாம் மேடம். உங்க பேரு போட்ட காகிதம் வெச்சிருக்காரு."

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளமும் பூங்காவும் ஒரே பத்திரம். சர்வே எண்ணும் ஒன்றுதான். 118 முழுவதும். ஊரில் எவனாலும் நாற்பது வருஷமாகப் பூட்ட முடியாத கேட்டை, முழங்கி முழங்கி நானே பூட்டியிருக்கிறேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் வீட்டுக்காரர், பல் தேய்த்துக்கொண்டே.

"இப்ப என்னை யானைங்கறீங்களா?"

"சறுக்கினதை ஒத்துக்கறியா, அதைச் சொல்லு மொதல்ல."

பதில் சொல்ல நேரமில்லை என்று கிளம்பிவிட்டேன். நேரம் இருந்தது, மனம்தான் இல்லை.

பூங்கா வாசலில் சங்கிலி, பூட்டு, போலீஸ்காரர். அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தாள் சாவி. போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "கோர்ட் உத்தரவு மேடம். நீங்களே மீறச் சொல்லலாமா?" என்று எனக்கே சட்டம் சொன்னார். நியாயம்தான்.

"டாக்டர் வந்தாரா?" என்று சாவியிடம் கேட்டேன்.

"வந்தாரு. பூட்டைப் பாத்தாரு. ஆறு வருஷத்துல என்னைப் பாத்துச் சிரிச்சது இன்னிக்குத்தான். அப்புறம் எங்கயோ வேகமா போயிட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பொழுது சாயறதுக்குள்ள தெறந்துடலாமா மேடம்?"

"தெறந்துடலாம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு ஆறு இருபதுக்குச் சூரியாஸ்தமனம்.

நீதிபதி என் அவசர மனுவை மதியம் மூன்று மணிக்குத்தான் எடுத்தார். அதுவரை வராந்தாவில் நடந்த நடையில் பூங்காவை இருபது சுற்று சுற்றியிருக்கலாம். எதிர்ப் பெஞ்சில் பல் டாக்டர் ஒரு பெரிய கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் வைக்கவில்லை. போட்டோவே பேசும், வக்கீல் எதற்கு என்றாராம். என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"வலது பக்கம் கடைவாயா? நல்லா வீங்கியிருக்கே. கேஸ் முடிஞ்சதும் வாங்க, பாத்துடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் பல் வலி மறந்தே போயிற்று.

உள்ளே நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நேத்து ஒரு மணி நேரம் பேசி, ஒரு ஈ எறும்பு உள்ள போகக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினீங்க. இன்னிக்கு ஊரையே உள்ள விடணுங்கறீங்க. வேலியே பயிரை மேஞ்ச கதை கேட்டிருக்கேன். வேலி பயிரைப் பூட்டி வெச்ச கதையை இப்பத்தான் கேக்கறேன்."

நீதிமன்றமே சிரித்தது. 'எந்த மரத்துக்கு ஜாமீன்' என்று என்னைக் கேலி செய்கிற கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது.

பல் டாக்டர் எழுந்தார். "ஐயா, உத்தரவை நீங்க எப்ப வேணா திருத்திக்கங்க. ஆனா இன்னைய நாளுக்குப் பூங்கா பூட்டித்தான் கிடக்கு. இவங்க காகிதம் வாங்கிட்டுப் போறதுக்குள்ள இருட்டிடும். ஆதாரம் இதோ." நாலு படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். சூரியன் உதித்த நேரத்திலிருந்து மணிக்கொன்று. ஒவ்வொன்றிலும் சங்கிலியும் பூட்டும் துல்லியமாகத் தெரிந்தன. நீதிபதி பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படத்தில் சங்கிலிக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் சாவியின் முதுகு. நாலு படத்திலும் அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். என்னால்தான் நிற்கிறாள். பார்க்க முடியாமல் கண்ணை மேலே தூக்கினேன். படத்தில் கேட்டின் வளைவு இருந்தது. வளைவில் எழுத்து இருந்தது. 'நன்றி. மீண்டும் வருக.'

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வளைவில் 'நல்வரவு' என்றுதான் இருக்கும்.

"டாக்டர்" என்றேன், முடிந்தவரை பணிவாக. "படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு. எங்க நின்னு எடுத்தீங்க?"

புகழ்ச்சி அவருக்குப் பிடித்திருந்தது. "ரோட்டுல நின்னா வெயில் நேரா லென்ஸ்ல அடிக்குது மேடம். அதான் உள்பக்கம் போய் மரத்தடியில நின்னு எடுத்தேன். பூட்டு பளிச்சுனு விழுது பாருங்க."

"உள்ளயா? எப்படிப் போனீங்க?"

"குளத்துப் பக்கம் வேலி விழுந்து கிடக்கே, அது வழியாத்தான். எல்லாரும் அப்படித்தானே போனாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும்னா?"

"காலையில நடக்க வர்றவங்க ஐயா. ஒரு முப்பது பேர் இருப்பாங்க. ஒருத்தர் என் படத்துக்குக் குறுக்க வந்துட்டாருன்னு தள்ளி நிக்கச் சொன்னேன்…" பாதியில் நிறுத்தினார். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், அன்றைக்குத்தான் தன் வாயை மூடியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த வேலியைச் சரிசெய்யச் சொல்லிப் பராமரிப்பு எஞ்சினியருக்கு நான் ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த மனுஷனின் சோம்பலுக்கு அன்றைக்கு மாலை போட்டிருப்பேன்.

"பொதுமக்கள் ஒருத்தர்கூட உள்ள இல்லாம அடைச்சு வெச்சாத்தான் நிபந்தனை ஐயா" என்றேன். "விடிஞ்சதுலேர்ந்து முப்பது பேர் உள்ள இருந்திருக்காங்க. அதுல ஒருத்தர் நம்ம டாக்டர். அவரும் பொதுமக்கள்தானே?"

"அப்போ என் உத்தரவை ஊர்ல ஒருத்தர்கூட மதிக்கலை."

"ஒருத்தர்கூட இல்லைங்க ஐயா. மனப்பூர்வமா சந்தோஷம்."

நீதிபதி சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார். "ஒண்ணு, டாக்டரையும் சேத்து முப்பது பேரை உள்ள தள்ளணும். இல்லாட்டி உத்தரவைத் திருத்தணும். ஜெயில்ல அவ்வளவு இடம் இல்ல." குளத்துக்கரைக்கு மட்டும் தடை, பூங்காவுக்கு இல்லை என்று திருத்தினார். கேட்டை உடனே திறக்கவும் சொன்னார். நிலம் தப்பித்தது.

நகல் கைக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. இனி அவசரமே இல்லை, இருந்தாலும் ஓடினேன். சாவி காலையில் பார்த்த அதே இடத்தில் நின்றிருந்தாள். போலீஸ்காரர் காகிதத்தைப் படித்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். அவள் தன் சாவியால் கேட்டைத் திறந்து, இரண்டு கதவையும் கடைசிவரை தள்ளிக் கொக்கி மாட்டினாள். அதற்கு அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். வளைவு, டாக்டர், முப்பது பேர். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் அறைக்குள் போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தாள். தினமும் கேட் திறந்த நேரத்தை அதில் எழுதுவாளாம். யாரும் கேட்டதில்லை, நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கம் பக்கமாக விடிகாலை நேரங்கள். 'காரணம்' என்று தாமதத்துக்காக ஒரு கட்டம். பதினாலு வருஷமும் அது வெற்றாகவே கிடந்தது.

அவள் நிதானமாக 'மாலை 5.52' என்று எழுதினாள்.

"அதை எழுதணுமா?" என்றேன். "பூங்கா காலையிலேர்ந்து தெறந்துதான் இருந்துச்சுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."

"சட்டத்துக்குத் தெறந்திருந்துச்சு மேடம்" என்றாள். "எனக்குப் பூட்டித்தான் இருந்துச்சு."

அவள் பேனா அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது.

"காரணம் என்னன்னு போடறது? எனக்குத் தெரியல. நீங்களே எழுதிடுங்க."

பேனாவை வாங்கினேன். இருபத்தைந்து வருஷ அரசாங்க வேலை, கை தானாகவே 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதியது. நோட்டைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நிர்வாகம்னா யாரு மேடம்?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் கேட் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. எழுதியதை அடித்தேன். பக்கத்தில் 'வக்கீலின் தவறு' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு, 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் நோட்டை வாங்கி மாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தேதி போடலையே மேடம்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.