மைத்துனனைத் தூக்கிப் பழகியவர்

கண்ணாடிக்காரர் பகலில் ஊரார் மூக்கில் கண்ணாடியை நோகாமல் உட்கார வைப்பார். மாலையில் ஜூடோ வகுப்பில் ஊரார் அவரை மெத்தையில் நோக நோகப் படுக்க வைப்பார்கள். பச்சை பெல்ட் தேர்வில் பல முறை கவிழ்ந்தாயிற்று. எதிராளியைத் தூக்கி, முதுகு மெத்தையில் படும்படி எறிய வேண்டும், அவ்வளவுதான். தூக்க முடிந்தால்தானே எறிவதற்கு!

"இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, சின்னப் பசங்க வகுப்புதான் சார்," என்று மாஸ்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வகுப்பின் நெட்டையனே கண்ணாடிக்காரரின் பெல்ட் முடிச்சோடு பேசுகிற உயரம்தான்.

"ஜிம்முல தினமும் இரும்பு தூக்குறேனே மாஸ்டர்?"

"இரும்பு சமத்தா இருக்கும் சார். மனுஷன் இருப்பானா? வழுக்குவான், நெளிவான், ஒரு பக்கமா தொங்குவான். அந்த மாதிரி பாரமா பாத்துத் தூக்குங்க. மணல் மூட்டை, தண்ணி பீப்பாய், எதுவோ ஒண்ணு. சண்டைக்கு உதவுற பலம் அதுதான்."

யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சோபாவில், வேலை தேடப்போகும் களைப்பில், மைத்துனன் கிடந்தான். மணல் மூட்டைக்காவது ஓரத்தில் கொஞ்சம் விறைப்பு உண்டு. இவனை எந்தப் பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் வழிவான். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பயிற்சிக் கருவி!

"மாப்ளே, சாப்பிட வர்றியா?"

"வரலாம்தான் அத்தான். நடக்கணுமே."

கண்ணாடிக்காரர் இடுப்பை இறக்கினார், முதுகை நிமிர்த்தினார், மூச்சைப் பிடித்து அவனை அள்ளினார். அவர் முழங்கால் போட்ட சத்தத்தில், பீரோ சாய்ந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மைத்துனனுக்கு ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. குளியலறைக்கு ஒரு விரல், மொட்டை மாடிக்கு இரண்டு விரல் காட்டுவான். "திருப்பத்துல மெதுவா அத்தான், போன தடவை கதவு இடிச்சுது." இறக்கும்போது மனைவியின் காவல் வேறு: "பாத்து வைங்க, புள்ள தூங்குறான். தலகாணி எங்க?"

சில வாரங்களில் கண்ணாடிக்காரர் தம் கடைக்குள் பக்கவாட்டில் நுழைய வேண்டியதாயிற்று, தோள் அப்படி. கண்ணாடி மாட்டப் போய் வாடிக்கையாளரையே நாற்காலியோடு தூக்கிவிட்டார். மைத்துனனோ தன் செருப்பு என்ன நிறம் என்பதையே மறந்துவிட்டான்.

தேர்வு நாள். மனைவி நடந்து வந்தாள். தம்பி எப்படி வந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிராளி, டயர்களை அடுக்கி வைத்தாற்போன்ற டயர் கடைக்காரர். வணக்கம் வைத்தார்கள், சட்டையைப் பிடித்தார்கள், அடுத்த நொடி டயர் கடைக்காரர் அந்தரத்தில்! மண்டபமே வாயைப் பிளந்தது.

எறிய வேண்டியதுதானே? கைகள் கேட்டால்தானே! கண்ணாடிக்காரர் நிதானமாக நடந்தார். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். நடுவர்களுக்காகப் போட்டிருந்த சோபாவில் டயர் கடைக்காரரைக் கிடத்தி, தலைக்கு மெத்தைத் துண்டைச் செருகினார்.

"லைட்ட அணைக்கட்டுமா மாப்ளே?"

"வேணாம், ஃபேனை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க," என்றார் டயர் கடைக்காரர், கண்ணை மூடியபடி.

"இது தேர்வா, தாலாட்டா?" மாஸ்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "கடைசியா ஒரு வாய்ப்பு. அப்புறம் சின்னப் பசங்க வகுப்புதான்!"

மறுபடி தூக்கினார். பாவி மனுஷனின் கால்கள் மறுபடியும் சோபாவை நோக்கியே போயின. மனைவி எழுந்து நின்று கத்தினாள்: "என்னங்க! அது என் தம்பி இல்லீங்க! தாராளமா போடுங்க!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வாரமாக அந்தக் கைகள் காத்திருந்தன போலும். தடால்! ஜன்னல்கள் ஆடின. தெருமுனையில் நின்ற கார்கள் தாமாகவே ஊளையிட்டன. டயர் கடைக்காரர் மல்லாந்தபடியே, "சுத்தமா விழுந்தேன்ல?" என்று பெருமையாகக் கேட்டார்.

பச்சை பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் கைகளை அகல விரித்து வந்தார். "வா மாப்ளே, வீட்டுக்குப் போலாம்!"

மைத்துனனின் இருக்கை காலியாக இருந்தது. வெறுங்காலோடு அவன் அதற்குள் இரண்டாவது தெருவைத் தாண்டியிருந்தான்.