உறையாத ரத்தம்

அப்பாவின் மூக்கில் வைத்த பஞ்சு மறுபடியும் சிவந்துவிட்டது. யசுநோரி அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சைத் திணித்தான். அவசரத்தில் அப்பாவுக்கு உடுத்தியிருந்த வெள்ளை உடுப்பின் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"தள்ளுடா. படகு ஓட்டையை அடைக்கிற மாதிரி அடைக்கிற," என்று அக்கா சிஹோகோ பஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போன மனுஷனை மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து, உடல் கெடாமலிருக்க வயிற்றின்மேல் டிரை ஐஸ் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். யசுநோரிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. ஊதுபத்தி அணைந்துவிட்டதா என்று பார்த்தான். மந்திரம் ஓத புத்த பிக்கு வருகிறாரா என்று வாசலுக்கு ஓடினான், இல்லையென்று திரும்பி வந்தான்.

"செத்தப்புறமும் ஏன்க்கா ரத்தம் நிக்க மாட்டேங்குது?"

சிஹோகோ செண்டாய் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவள்.

"என் புரதம்தான்டா காரணம். அது ரத்தக் குழாயோட உள்சுவர்ல உக்காந்திருக்கும். 'இங்க உறையாதே, ஓடு'ன்னு ரத்தத்தை விரட்டும். அழற்சி எல்லை மீறாம அடக்குறதும் அதுதான். அப்பாவுக்கு மூத்திரத்துல இருந்த கிருமி ரத்தத்துல பரவிடுச்சில்ல, அப்ப இந்தப் புரதம் சுவர்லேர்ந்து அறுந்து போயிடும். அப்புறம் கண்ட இடத்துல ரத்தம் உறையும். உறையறதுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கயே தீர்ந்துபோயிடும். நிக்க வேண்டிய இடத்துல நிக்காது."

"அதையேதானே மருந்தாவும் ஏத்தினாங்க? ஏன் கேக்கல?"

"வயசு காரணமா இருக்கலாம். சிறுநீரகம் காரணமா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

"உன்கிட்ட மழை பெய்யுதான்னு கேட்டாலும் இருக்கலாம்னுதான் சொல்லுவ."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவன் சிரிக்கவில்லை. அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்தே நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

"திங்கக்கிழமையே காய்ச்சல்க்கா. குளிர்ல பல்லு கிட்டிச்சு. சுடுதண்ணில குளிச்சா சரியாயிடும், நீ போடான்னாரு. கடல்ல கணவாய் மீன் நல்லா படுற நேரம். நானும் படகுக்குப் போயிட்டேன்." அவள் தோளைப் பிடித்தான். "அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

சிஹோகோ திரும்பவில்லை. அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அப்பவும் இதேதான் நடந்திருக்கும். நிச்சயமா."

பொய் சொல்கிறாள் என்று யசுநோரிக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டால் அவளால் தாங்க முடியாது என்பதும் தெரிந்தது. அவளுக்கும் அவர் அப்பாதான்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலியே," என்றான். "ரெண்டு சோத்துருண்டை பிடிச்சுத் தரட்டா?"

"உப்பு கம்மியா போடு," என்றாள் சிஹோகோ, அப்பாவைப் பார்த்தபடியே.