காற்றைக் கடைந்த லேத்

உலகப் பொருளாதாரத்தின் மீட்சி வாஷிங்டனிலோ டெல்லியிலோ தொடங்கப்போவதில்லை, கோயம்புத்தூர் கணபதியில் இந்த ஒரு வீதியிலிருந்துதான் தொடங்கும் என்று வீதியின் பட்டறைச் சங்கத் தலைவர் வரதராஜுலு முழங்கினார். கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் மைக் செட்டைக் கழற்றக் காத்திருந்தவர்கள்.

"மந்தம் போயிருச்சுன்னு பேப்பர்ல போட்டு ஒரு வருசமாச்சு. அப்புறமும் மீட்சி ஏனுங்க ஆமையாட்டம் வருது? ஒரே காரணந்தான். நம்பிக்கை இல்லை! நம்ம பட்டறை ஓடற சத்தத்தை நாலு பேர் கேட்டாங்கன்னா ஆர்டர் தன்னால வருமுங்க!"

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர்கள் மைக் செட்காரர்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் சும்மா இருக்கிறவர் அல்ல வரதராஜுலு. மூன்று லேத், ஆறு ஆள் என்று நடந்த இரும்புக் கடைசல் பட்டறை அவருடையது. பம்ப் கம்பெனிகள் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டை வாங்குவதை நிறுத்தியபோது, "பத்து நாள் கழிச்சு வாங்கப்பா" என்று ஆறு பேரையும் அனுப்பிவைத்தார். அந்தப் பத்து நாள் பதினாறு மாதமாகிவிட்டது. மகளின் பிரசவத்துக்கு பெங்களூரு போன மனைவி பங்காரம்மாவும், பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பவில்லை. ஆகவே தினமும் காலை ஒன்பது மணிக்கு அவரே உள்ளே போய், இரும்பு மாட்டாத ஒரு லேத்தை ஓடவிட்டு, அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை. லேத்துக்கு.

பத்தரைக்கு முக்குக் கடையில் பிளாஸ்கில் ஆறு டீ வாங்குவார்.

"ஏனுங்க, ஆறையும் நீங்களே குடிச்சா பித்தம் ஏறிக்குமுங்க," என்றாள் டீக்கடை ராசம்மாள்.

"ஆளுகளுக்கு அம்மணி."

"ஆமாங்க, ஆளுகளுக்குத்தான். உங்க எதுத்தாப்புல கதிரேசன் எட்டு வாங்கிட்டுப் போறாரு. அங்கயும் ஒரே ஆளுதான். இந்த வீதில டீக்கு மட்டும் மந்தம் தெளிஞ்சுபோச்சுங்க."

வரதராஜுலு சிரிக்கவில்லை. எதிர்ப் பட்டறை லேத்தின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஆறு மாதமாகப் பொறாமைப்பட்டு, அந்தப் பொறாமையில் கதிரேசனோடு பேசுவதையே விட்டிருந்தார். இப்போது போய்ப் பேசலாம்தான். என்னவென்று ஆரம்பிப்பது?

அந்த வாரம் நிஜமாகவே ஓர் ஆர்டர் எட்டிப்பார்த்தது. ஈரோட்டுப் பம்ப் கம்பெனி ஒன்றுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் மயில்சாமி போன் செய்தார். நானூறு ஷாஃப்ட் வேண்டும்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாரேனுங்க. லேத்துல நல்ல ஆளு ஒருத்தரு நின்னா அங்கயே சொல்லிப்போடறேன். ஆளில்லாத பட்டறைல குடுத்து ஒருக்கா பட்டாச்சுங்க."

நல்ல ஆள் என்றால், அனுப்பிவைத்த ஆறு பேரில் சாமுவேல்தான். அவர் இப்போது அவிநாசியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வரதராஜுலு லேத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவரை அழைத்தார். சத்தம் அந்தப் பக்கம் கேட்க வேண்டுமல்லவா?

"சாமுவேலு, வந்துருப்பா. வேலை தலைக்கு மேல கெடக்குது. கேக்குதா?"

"கேக்குதுங்க மொதலாளி," என்றார் சாமுவேல். "கடையற டூலு இரும்பத் தொடவே இல்லீங்களே. காத்தத்தானுங்க கடையுது. வெறும்மா ஓட்டாதீங்க, பேரிங் போயிரும்."

இருபது வருடம் லேத்தில் நின்ற காது அது. வரதராஜுலு லேத்தை நிறுத்தினார்.

"ஆர்டர் வியாழக்கிழமை வருதுப்பா. நீ நின்னாத்தான் குடுப்பாங்களாம்."

"ஆர்டர் கைக்கு வந்துட்டா சொல்லுங்க, மக்யா நாளே வாரேன். நீங்க பத்து நாளுன்னீங்க, நானும் நாலு மாசம் காத்துட்டு இருந்தனுங்க. இந்த வேன உட்டா வேற ஆளு ஏறிக்குவாருங்க." பின்னால் குழந்தைகள் கத்தின. "ஏறு கண்ணு, பையி பத்தரம்... மொதலாளி, வெச்சுரட்டுங்களா?"

வைத்த பிறகும் அந்தக் கூச்சல் கொஞ்ச நேரம் காதில் இருந்தது.

ஆள் நின்றால் ஆர்டர், ஆர்டர் வந்தால் ஆள். சங்கப் பேச்சில் இந்த இடத்தைப் பற்றி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலை, ஆணியில் தொங்கிய சாமுவேலின் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வயிற்றுப் பக்கம் இரண்டு பட்டன் சேரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கற்ற வேலை; கை மறந்திருக்காது. துருப்பிடித்த பழைய ஷாஃப்ட் ஒன்றை மாட்டி, டூலைக் கொண்டுபோய் வைத்தார். இரும்பு கிறீச்சென்று கத்தியது. காற்றைக் கடைகிற சத்தம் இல்லை. இதைச் சாமுவேலே கேட்டாலும் ஒப்புக்கொள்வார்.

நீலநிற இரும்புச் சுருள்கள் உதிர்ந்து காலடியில் சேர்ந்தன. துரு போய், வெள்ளையாக உடம்பு தெரிந்தது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று கடைந்துகொண்டே போனார். பிளாஸ்கில் இருந்த ஆறு டீயும் ஆறிப்போயின. பதினாறு மாதத்தில் பக்கத்தில் யாரும் இல்லை என்பதை அவர் மறந்திருந்த நேரம் அது ஒன்றுதான். ஷாஃப்ட் பேனாத் தடிமனுக்கு வந்தபோது மணி ஒன்று. வழக்கப்படி சாப்பாட்டுக்கு நிறுத்தினார். எதிரே கதிரேசனின் லேத்தும் நின்றது.

நாற்காலியில் கிடந்த போனில் மூன்று மிஸ்டு கால். மயில்சாமியின் குரல் பதிவும் ஒன்று வந்திருந்தது.

"ஏனுங்க, கால் மணி நேரம் கேட்டுக்கு வெளிய நின்னு கூப்புட்டுப் பாத்தனுங்க. போனையும் எடுக்கல. உள்ள இரும்பு கடையற சத்தம் நல்லாவே கேட்டுது. உங்களுக்கு வேலை நெரம்பிக் கெடக்குதாட்ட, நம்ம நானூறுக்கு எங்க நேரமிருக்கும்? சிங்காநல்லூர்ல ஒரு பட்டறைக்குச் சொல்லிப்போட்டேன். தொழில் நல்லா ஓடட்டுமுங்க."

வரதராஜுலு திருப்பி அழைத்தார். "அவ்வளவு வேலைங்களா?" என்று மயில்சாமி சந்தோஷமாகக் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் வரதராஜுலு. "கொஞ்சம் நெரிசல்தானுங்க."

பிறகு எழுந்து கேட்டருகே போனார். பூட்டு உள்பக்கம் தொங்கியது. உள்ளே ஒரே ஆள்தான் என்பது தெரிந்துவிடக் கூடாதென்று, தினமும் போல அன்றும் காலையில் அவர்தான் பூட்டியிருந்தார்.